பதினொராம் தடவை

நாச்சிக்குடாவில், கூரை பாதி போன ஐஸ் தொழிற்சாலையில்
நாலு தொட்டி, நாலு பேய்க்கணவாய்.
போத்தல் மூடியைத் திருகினால் உள்ளே நண்டு.

ஒன்று மெல்லப் பழகியது.
இரண்டுக்குப் போத்தலில் அக்கறையில்லை,
வெப்பமானி வயரைத்தான் இழுக்கும்.
நாலு, என் நீலக் கையுறையைக் கண்டால்
முகத்தில் தண்ணீர் பீச்சும்;
எமில்டாவின் வெறுங்கையில் ஏறிக் குந்தும்.
மூன்றுதான் கெட்டிக்காரி.
பதினேழு செக்கன்.

பிறகு வெறும் போத்தல் கொடுக்கச் சொன்னது திட்டம்,
எத்தனை தரம் ஏமாந்தால் நிறுத்தும் என்று எண்ண.
திறந்தது.
ஒவ்வொரு கையாக விட்டு அடிவரை தடவியது.
பத்துத் தடவை.
பதினொராம் தடவை போத்தலை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு
கவிழ்த்த சட்டிக்குள் போய்
ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது.

படிவத்தில் இரண்டே கட்டம்: நினைவு, மறதி.
பேனையைத் திறந்தேன்.
எமில்டா வாளியைக் கீழே வைத்தாள்.
"மறக்கேல்ல மிஸ். அதுக்குத் தெரியும்."

அவள் பையில் எப்போதும் ஒரு பிளாஸ்ரிக் உறை:
தம்பியின் படம், பதிவு இலக்கங்கள்,
கிளிநொச்சி, வவுனியா, திரும்பக் கிளிநொச்சி.
கடைசி விசாரணைக்கு அவள் போகவில்லை.
'சமுகமளிக்கவில்லை' என்று பதிந்திருப்பார்கள்.

கட்டங்களுக்கு வெளியே எழுதினேன்:
தெரியும்.

மறுநாள், திட்டத்தில் இல்லாமல்,
மங்கிய போத்தலில் உயிர் நண்டொன்றை இறக்கினேன்.
மூன்று வரவேயில்லை.
பின்னேரம் மட்டும் உள்ளே கீறிக்கொண்டிருந்தது நண்டு.
எமில்டாதான் திறந்துவிட்டாள்.