சுழிக்குக் கீழே

காலை ஏழு மணிக்கு
முப்பத்தொரு படி இறங்கி
பாலத்தூணில் பதித்த அளவுப் பலகையைப் படிப்பது
பதினெட்டு வருடமாக என் வேலை.
திஸா ஆறு இன்று இத்தனை சென்டிமீட்டர்.
தொலைபேசியில் சொல்வேன்.
சோல்னோக்கில் யாரோ கொட்டாவியோடு குறித்துக்கொள்வார்.

நவம்பரில் டாக்டர் ஹலாஸ் ஒரு நோட்டைத் தந்தாள்.
"உங்களையும் ஓர் ஆறாக வைத்துக்கொள்ளுங்கள், எத்தெல்கா.
தினம் ஓர் எண். மேலே ஐந்து வரை, கீழே ஐந்து வரை."
சிரித்தேன்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்கிறவர்கள்
கடைசியில் ஆற்றையே அளக்கிறவளிடம் வந்து சேருகிறார்கள்.

முதல் வாரம் பொய் எழுதினேன்.
எல்லா நாளும் ஒன்று.
ஒன்று மரியாதையான எண்,
மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

எட்டாம் நாள்
பொங்கி வழிந்த பாலை அப்படியே விட்டுவிட்டு
அடுப்பின் முன் தரையில் உட்கார்ந்திருந்தேன்,
மாலை வரை.
மைனஸ் நான்கு என்று எழுதினேன்.
பேனா நகர்ந்தது. அன்று நகர்ந்தது அது ஒன்றுதான்.

டிசம்பர் 3. மைனஸ் மூன்று. தலை வாரவில்லை.
டிசம்பர் 9. மைனஸ் மூன்று. வில்மா கூப்பிட்டாள்.
மணி அடித்து ஓய்ந்த பிறகு "ஹலோ" என்றேன்.
டிசம்பர் 20. எண் தெரியவில்லை. ஆரஞ்சு தின்றேன்.
இனிப்பு என்று தெரிந்தது; இனிக்கவில்லை.

பிப்ரவரியில் பனிக்கட்டி உடைந்தது.
ஒன்று, இரண்டு, நான்கு
என்று ஏற ஏறக் கையெழுத்தும் பெருக்கிறது, பாருங்கள்,
கோட்டைத் தாண்டி
அடுத்த நாளின் இடத்தையும் தின்கிறது.
தையல் தெரியாத நான்
மூன்று தையல் எந்திரம் வாங்கினேன்.
நள்ளிரவில் படகுக்காரன் கெர்கெலியை எழுப்பி
உன் படகுக்குச் சிவப்பு அடிக்கலாம் வா என்றேன்.
வந்தான், பாவம்.
பாதிப் படகு இன்னும் சிவப்பு.

ஏப்ரலில் ஒரு மழைநாள்
இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன்.
ஆற்றின் நோட்டு. என் நோட்டு.
ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை.
வெள்ளத்தில் அழுதிருக்கிறேன், வறட்சியில் பறந்திருக்கிறேன்.
ஆறு என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.
அதில் ஒரு சின்ன ஆறுதல்.

ஆனால் ஓரத்தில் கிறுக்கிய தூக்கக் கணக்கு?
ஐந்து மணி, நான்கு, இரண்டரை.
ஒவ்வோர் ஏற்றத்துக்கும் மூன்று நாள் முன்னால்.
மலையில் பெய்த மழை எங்கள் பாலத்தைத் தொட
மூன்று நாள் ஆகும்,
பள்ளிப் பிள்ளைகள் வந்தால் இதைத்தான் சொல்வேன்.
என் மலை எங்கே என்றுதான் தெரியாமல் இருந்தது.

இன்னொன்று. இதைச் சொன்னபோது
டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டாள்:
பலகையின் சுழி, ஆற்றின் அடி இல்லை.
எந்தக் காலத்திலோ ஒரு பொறியாளர்
இதைவிடத் தாழ இறங்காது என்று நம்பி
அடித்துவிட்டுப் போன ஆணி.
பிறகு பல கோடைகளில் ஆறு அதற்கும் கீழே போனது.
மைனஸ் இருநூறு, என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன்.
அன்றும் கெர்கெலியின் படகு மிதந்தது.
கெளுத்தி மீன் சேற்றைக் கிளறிக்கொண்டு போனது.
சுழி என்றால் உள்ளே இழுக்கும் என்று
நான்தான் பயந்திருந்தேன்.

நேற்றிரவு தூக்கம் மூன்று மணி நேரம்.
எழுதினேன், அதே நீல மையில்.
வங்கி அட்டையை உறையிலிட்டு
வில்மாவின் கையில் கொடுத்தேன்.
கெர்கெலியிடம், ராத்திரி வந்தால் கதவைத் திற,
பெயின்ட்டை மட்டும் ஒளித்துவிடு என்றேன்.
"மீதிப் பாதி?"
சும்மா இருக்கும் ஒரு நாளில் பார்க்கலாம்.

ஏழு மணி. படி இறங்குகிறேன்.
முந்நூற்று நாற்பத்தேழு, ஏறுகிறது, என்றேன் தொலைபேசியில்.
வழக்கமில்லாமல் அந்தக் கொட்டாவி கேட்டது:
"நீங்கள் எப்படி?"
"இரண்டு," என்றேன். "ஏறுகிறது."

அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம்.
எந்தப் பத்தியில் எழுதினாரோ.