முப்பத்தொன்றாவது புத்தகம்

பத்து நிமிடம்தான்.
ஆயர் ஈத்தாம் சந்தையோரம் காடியை நிறுத்தி
அரைக் கிலோ நெத்திலி வாங்கித் திரும்புவதற்குள்
பின்பக்கக் கண்ணாடி
இல்லாமல் போயிருந்தது.

உடைந்திருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது.
சட்டத்தின் விளிம்பில் நாலைந்து பற்கள்.
மற்றதெல்லாம் இருக்கையில்,
யாரோ கல்லுப்பைக் கொட்டிவிட்டுப் போனதுபோல்.

கறுப்புப் பையைக் காணோம்.
மடிக்கணினிப் பைதான்; கணினி இல்லை,
அது பள்ளியில் பழுதாகிக் கிடக்கிறது.
உள்ளே இருந்தவை ஐந்தாம் ஆண்டின் கட்டுரைப் புத்தகங்கள்.
தலைப்பு: 'நான் ஒரு மகிழுந்து'.

எடுத்தவன் எங்கோ ஓர் அடுக்குமாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து
ஜிப்பைத் திறந்திருப்பான்.
என் நிறம் சிவப்பு.
எனக்கு நான்கு கால்கள் உள்ளன.
என் முதலாளி என்னைத் தினமும் குளிப்பாட்டுவார்.
முப்பது முறை இதே கதை.
தமிழ் தெரிந்தவனாக இருந்தால்
ஒற்றுப்பிழைகளையாவது திருத்தி வைத்திருக்கலாம்.

காவல் நிலையத்தில் கோப்ரல் ஹைருல்
ஒற்றை விரலால் தட்டச்சு செய்தார்.
பொருளின் மதிப்பு?
முப்பது புத்தகம். ஒன்று இரண்டு வெள்ளி இருபது காசு.
நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
பிறகு கால்குலேட்டரைத் தேடி எடுத்து
அறுபத்தாறு என்று அடித்தார்.

கண்ணாடிக்குத் தனிக் காப்புறுதி கட்டியிருக்கவில்லை.
ஜெலுத்தோங் கடைக்காரர் தியோங் குவான்
சாமான் வர மூன்று நாள் என்றார்.
மூன்று நாளும் கண்ணாடிக்குப் பதில் குப்பைப் பை.
வேகம் கூட்டினால் அது
காதருகே படபடவென்று வாதாடியது.

கொழுந்தன் தயாநிதி ஒரு கடையையே கொண்டுவந்தான்.
ஸ்டீயரிங்கிற்கு மஞ்சள் இரும்புத் தடி,
ரெகார்டர் கேமரா, அலாரம்.
அலாரத்துக்கு இடியும் திருடன்தான், பூனையும் திருடன்தான்.
நான் செய்தது ஒன்றே ஒன்று:
டாஷ்போர்டு அறையைத் திறந்தே போட்டுவிடுகிறேன்.
பாரப்பா, டிஷ்யூகூட இல்லை.

திங்கட்கிழமை வகுப்பில் சொன்னேன்,
நெத்திலியையும் விடாமல்.
ஜெயஷாலினி கேட்டாள்:
'எல்லாத்தையும் படிச்சிருப்பாரா, டீச்சர்?'
திருடனுக்கு 'ர்' விகுதி. திருத்தவில்லை.
பின்வரிசையில் ரித்தீஸ்வரன் எழுந்தான்.
'என்னோடதும் அதுலதான் இருந்துச்சு.'

இல்லை.
வெள்ளிக்கிழமை பட்டியலில் அவன் பெயருக்கு நேரே
சிவப்புப் புள்ளி வைத்த கை இதுதான்.
ஆனால் அந்தப் பட்டியலும் பையோடு போய்விட்டது.

புதன்கிழமை ஒரு லோரிக்காரர் அழைத்தார்.
சுங்கை பினாங் பக்கம், பாலத்துக்குக் கீழே,
பள்ளி முத்திரை இருந்ததால் எடுத்து வைத்தாராம்.
தேநீரில் நனைத்த ரொட்டிபோல் ஊறிய புத்தகங்கள்.
எண்ணினேன். முப்பது.
பை மட்டும் திரும்பவில்லை; அது நல்ல பை.

'அப்ப என்னோடத அவரே வச்சிக்கிட்டாரு,'
என்றான் ரித்தீஸ்வரன், கண்ணிமைக்காமல்.
வகுப்பு சிரித்தது.
சரி, என்ன எழுதியிருந்தாய்? சொல், கேட்கிறேன்.

கொஞ்ச நேரம் காற்றாடியைப் பார்த்தான்.
'நான் ஒரு மகிழுந்து.
என்னை யாரும் திருடவில்லை.
என் வயிற்றைக் கிழித்து
உள்ளே இருந்ததைத்தான் எடுத்தார்கள்.
எனக்குக் கத்தத் தெரியும், ஆனால் அன்றைக்குத் தெரியாது.
என் முதலாளி நெத்திலி வாங்கப் போயிருந்தார்.
திரும்பி வந்ததும்
அவர் முதலில் என்னைத் தொடவில்லை.
பையைத் தேடினார்.'

மணி அடித்துவிட்டது. முடிவுரை இல்லை.
இருபதுக்குப் பதினேழு போட்டேன்;
மூன்றைக் குறைத்தது எதற்கென்று
அவனுக்கும் தெரியும்.

நேற்றிரவும் அலாரம்.
நாலாம் மாடியிலிருந்து இறங்கிப் போனேன்.
பானெட்டின் மேல் பூனை.
அதை விரட்டிவிட்டு
சும்மா, ஒரு காரணமும் இல்லாமல்,
கதவின்மேல் கை வைத்தபடி
சற்று நின்றேன்.