நான்கு நிமிடம்

நாரினில் ஒரு பால் சேகரிப்பு நிலையம்.
வெளியே உறைநிலைக்கும் கீழே இருபத்திரண்டு.
மடிக்கணினியைத் திறந்து நான் கேட்ட முதல் கேள்வி:
"உங்களுக்கு என்ன வேண்டும்?"
ஜைனகுல் சொன்னாள்:
"கதவு சரியாக மூட மாட்டேன் என்கிறது."

அதை எழுதிக்கொள்ளவில்லை.

"மென்பொருளில் என்ன வேண்டும்?"
"இப்போது இருப்பது மாதிரியே. ஆனால் கணினியில்."
இப்போது இருப்பது
கோடு போட்ட ஒரு நோட்டு, கயிற்றில் கட்டிய பென்சில்.
சில பெயர்களுக்கு நேரே ஒரு புள்ளி.
புள்ளி என்றால்?
"புள்ளிதான்."
மூன்றாம் நாள், வேறெதையோ பேசும்போது தெரிந்தது:
அந்த வீட்டில் மாடு ஈன்றிருக்கிறது,
சீம்பால், கேனில் கலந்துவிடக் கூடாது.

பயனர், பதிவு, கட்டாயப் புலம் என்று
நான் அடுக்க அடுக்க அவள் தலையாட்டினாள்.
செவிடன் காதில் ஊதிய சங்குதான்.
செவிடன் யார் என்பதில்தான் எனக்குத் தாமதம்.

பிஷ்கெக் தலைமையகம் தெளிவாகச் சொல்லியிருந்தது:
ஒரு லாரிக்கு நான்கு நிமிடம் வீணாகிறது,
புதுக் கருவி வந்துவிட்டது,
நாற்பது நொடியாக்கு.

ஐந்தாம் நாள் மடிக்கணினியை மூடிவிட்டு
கேன்களுக்குப் பக்கத்தில் சும்மா நின்றேன்.
எசென்பாய் வந்தான்.
பழைய கருவியில் சோதனைக் குழாய்கள் சுழலத் தொடங்கின.
கையுறையைக் கழற்றி அடுப்புக்கு விரல் நீட்டினான்.
தேநீர். ஒரு துண்டு ரொட்டி.
தோலோன் கணவாயில் பனி சரிந்திருக்கிறது என்றான்.
பின்னால் வரும் துர்துபெக்கின் சக்கரத்தில் சங்கிலி இல்லை
என்றான், மெல்லுவதை நிறுத்தாமல்.
ஜைனகுல் தொலைபேசியை எடுத்தாள்.
"அங்கேயே நில்லு" என்றாள் யாரிடமோ.
குழாய்கள் நின்றன.

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.
கேட்டிருந்தாலும்
"அது வேலையில் சேர்த்தியா என்ன" என்றிருப்பார்கள்.

இரவு விடுதியில் ஆவணத்தைத் திறந்தேன்.
பதினேழாம் தேவை:
ரசீது நாற்பது நொடியில் தயாராகலாம்,
நான்கு நிமிடம் கழிந்த பிறகே அச்சாக வேண்டும்.
காரணம் என்ற கட்டத்தில்
ஓட்டுநரின் விரல்கள் என்று எழுதி அழித்தேன்.
சாலை என்று எழுதி அழித்தேன்.
பிறகு ஒரு புள்ளி வைத்தேன்.

பட்டியலின் தலையில் ஒரு வரி சேர்த்தேன்:
கதவு.
மென்பொருள் தேவையில்லை.
ஒரு கீல் போதும்.