கள்ளிக்குக் குடை

டிசம்பர் லீவுக்கு மட்டும்
தெகிவளை மிருகக்காட்சிசாலைக்குள்
ஒரு பாலைவனம் திறந்திருக்கிறார்கள்.
கொட்டாஞ்சேனையில் நூற்று எழுபத்தாறு பிடித்து
யன்னல் ஒழுகும் சீற்றில்
நனையாத பாதியில் மூவரும் ஒடுங்கிப் போனோம்.
வழி நெடுக மழை.

வாசலில் மும்மொழியில் பலகை.
தமிழில் மட்டும் அரவு தொலைந்து
‘பலைவனம்’ என்று நின்றது.
யெசிந்தா எச்சில் தொட்டு ஓர் அரவு வரைந்தாள்.
மழை அதை உடனே குடித்தது.

உள்ளே
மின்குமிழின் சூட்டுக்குக் கீழே
கீரியைப் போல, ஆனால் கீரியல்லாத ஏழு பிராணிகள்
இரண்டு காலில் எழுந்து
பிந்திவிட்ட பஸ்ஸைத் தேடுவதுபோல்
மழையைப் பார்த்துக்கொண்டிருந்தன.
ஒட்டகத்துக்கு முன்னால்தான் கூட்டம்.
அது எங்களை ஒருதரம் பார்த்துவிட்டு
அசைபோடப் போய்விட்டது.
கண்ணாடிப் பெட்டியில் மணல்.
மணலில் இரண்டு கடுகு.
கடுகு இமைக்காமல் பார்த்தது.
“அம்மா, பலகையில துலைஞ்ச அரவு
இஞ்ச கிடக்கு!”
தமிழ் ரீச்சர் கேட்டிருந்தால்
பத்துக்குப் பத்து.

செபமாலை எதையும் பார்க்கவில்லை.
குனிந்து ஒரு பிடி மணல் அள்ளி
பெருவிரலால் தேய்த்து
“கல்கிசை மண். உப்பு ஒட்டுது” என்றான்.
பதினொரு வருஷம்
தமாமுக்கு அப்பால் தண்ணீர் பவுசர் ஓட்டியவன்.
போனில் “அங்க எப்பிடி?” என்று கேட்டால்
“மண்” என்பான்.
“வேற?”
“வேறயும் மண்.”
அதற்குள் அட்டையில் காசு முடிந்துவிடும்.

கள்ளித் தோட்டத்தில்தான் சங்கதி.
போர்த்திய பொலித்தீன் காற்றில் கழன்று
முள்ளில் மாட்டிப் படபடக்க,
ஒற்றைக் குடையோடு தோட்டக்காரர்
எந்தக் கள்ளிக்குப் பிடிப்பதென்று தெரியாமல்
நடுவில் நின்றார்.
“மாத்தயா, பொட்டக் அல்லன்ன” என்று
இவன் கையில் குடையைத் திணித்துவிட்டு
கயிறு தேடி ஓடினார்.

பிடித்தான்.
பூசணிக்காய் அளவில் ஓர் உருண்டைக் கள்ளி,
உச்சியில் சின்னதாய் ஊதாப் பூ.
பூவுக்குக் குடை. இவன் தெப்பல்.
சனம் போனைத் தூக்கி
இவனையும் படம் எடுத்தது,
காட்சியில் இவனும் ஒன்று என நினைத்து.

அப்போதுதான் சொன்னான், பூவைப் பார்த்தபடி:
அங்க ஒருக்கா மழை பெய்தது.
கொஞ்ச நாளில குழாய் றோட்டுக்கு ரெண்டு பக்கமும்
கண் போற தூரம் இதே நிறம்.
பவுசரை நிப்பாட்டிப்போட்டு இறங்கினன்.
சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நடந்தன்.
ரெண்டு மணித்தியாலம் பிந்தினதுக்கு
ஒரு நாள் சம்பளம் வெட்டினாங்கள்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்பது
வாய்வரை வந்து நின்றது.
அந்த மாதம் காசு குறைந்தது நினைவிருக்கிறது.
நான் சண்டை பிடித்ததும்.

பாலை என்றால் பிரிவு என்று
ஓ.எல். சோதினைக்கு மனனம் செய்தவள் நான்.
அதில் இப்படி ஒரு வாரம் வருமென்று
எந்தக் கேள்விக்கும் எழுதவில்லை.

கயிற்றோடு வந்த தோட்டக்காரர்
குடைக்குக் கை நீட்டினார்.
இவன் கொடுக்கவில்லை.
“நீங்கள் மற்றதுகளப் பாருங்கோ”
தமிழிலேயே சொன்னான்.
அவருக்கு விளங்கியது.

நானும் என் குடையை
பக்கத்துக் கள்ளிக்கு விரித்தேன்.
அதில் மொட்டுக்கூட இல்லை.
முழங்கையில் இரண்டு முள் ஏறியது.
யெசிந்தா கடலைக்குக் காசு கேட்டு
நச்சரிக்கத் தொடங்கினாள்.