மூன்று பாகத்தில் ஒரு முகாம்

மாரி. கடல் எங்களை உள்ளே விடவில்லை.
ஆசுபத்திரி வாங்கில் இருந்து
ஒரு மலையின் கதையை வாசித்தேன்.
புத்தகத்துக்கு அட்டை இல்லை;
எங்கள் கடலிலும் இப்போது அட்டை குறைவுதான்.
முதல் தாள்களோடு மலையின் பெயரும் போயிற்று.
இமயத்தில் எங்கோ. அது போதும்.

முதல்முறை போனவர்களைக் காற்று திருப்பி அனுப்பியது.
இரண்டாம் முறை பனி சரிந்து ஒன்பது பேர்.
இரண்டு துரைமாருக்கு முழுப்பெயர், பிறந்த ஊர், ஒரு படம்.
மிச்சம், ‘சுமையாட்கள் ஏழு’.
முதலாளியின் கொப்பியில்
நானும் வில்வராசாவும் ‘சுழி இரண்டு’.

முப்பது வருடம் கழித்து வந்தவர்கள்
முகாம் முகாமாய் ஏறினார்கள்.
ஒவ்வொரு முகாமிலும் சும்மா இருந்தார்களாம்,
மூச்சு மலைக்குப் பழகும்வரை.
அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன்.
பதினெட்டுப் பாகத்தில் இருந்து வருகிறவனும்
ஆறில் நிற்க வேண்டும், மூன்றில் நிற்க வேண்டும்,
கயிற்றைப் பிடித்தபடி, ஒன்றும் செய்யாமல்.

வில்வராசா நிற்கவில்லை.
சிலிண்டரில் காற்று முடிந்திருந்தது.
மேலே வெளிச்சம் தெரிந்தது.
இடுப்புக்குக் கீழே இப்போது
அவன் சொல்வது எதுவும் போய்ச் சேர்வதில்லை.

“கடைசியில ஏறினாங்களா?” கட்டிலில் இருந்து கேட்டான்.
ஏறினார்கள். உச்சிக்கு ஆறடி கீழே நின்றுவிட்டார்கள்.
அடிவாரத்துச் சனங்களுக்குக் கொடுத்த வாக்கு.
“ஆறடியோ” என்று சிரித்தான்.
பிறகு அன்று முழுக்கக் கதைக்கவில்லை.

மாசி. சபூர்தீனின் வள்ளம்.
கோணமலையின் நிழலுக்குள் இறங்குகிறேன்.
ஆதிசேடனும் வாயுவும் பொருதியபோது
மேருவில் இருந்து தெறித்த துண்டு இது என்பார்கள்.
என்றால் நான் ஏறுவதும் இமயம்தான்,
வேரில் இருந்து.
கொட்டலசு கிழித்த உள்ளங்கை எரிகிறது.

மூன்று பாகம். கயிறு.
தலைக்குமேல் வள்ளத்தின் அடிவயிறு,
கையை நீட்டினால் வெயில்.
பையில் பதினொரு அட்டை.
எட்டு நிமிடம் நிற்க வேண்டும்.
மணிக்கூட்டின் கண்ணாடிக்குள் உப்புத்தண்ணீர்;
ஆட்களை வைத்து எண்ணுகிறேன்.
முதல் நிமிடம் வில்வராசாவுக்கு.
அவனுக்குப் பின்னால், சுமை இறக்காமல்,
ஒருவர் பின் ஒருவராக அந்த ஏழு பேர்.

சபூர்தீன் பலகையில் தட்டுகிறான்,
கெதியா வா என்று. காற்று மாறுகிறதாக்கும்.
தட்டட்டும்.
ஐந்தாமவன் இன்னும் வந்து சேரவில்லை.