எண்பத்தெட்டுக்குப் பூஜ்யம்

தண்ணி இல்லாத ஆறு என்று
எங்கள் பக்கத்தைக் கேலி பேசுவார்கள்.
பேசட்டும்.
பாலாற்றில் தண்ணி வந்தால்
எங்களுக்கு மைதானம் போச்சு.

ஆம்பூர்ப் பாலம் தாண்டி
லாரிக்காரர்கள் அள்ளி விட்ட குழிகளுக்கு நடுவே
கொஞ்சம் சமமான இடம்.
கோலுக்கு இரண்டு சவுக்குக் கம்பு.
ஸ்க்ரம் பழக எந்திரம் கிடையாது.
ஷாஹிதாவின் அண்ணன்
தன் குட்டியானையை ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்துவான்.
எட்டுப் பேர் தோள் கொடுத்துத் தள்ளுவோம்.
வண்டி நகர்ந்த அன்றைக்கு
அவன் செலவில் பிரியாணி.
இதுவரை இரண்டு தடவை சாப்பிட்டிருக்கிறோம்.

பாஸ்போர்ட்டுக்குச் சீட்டைத் தள்ளி எடுத்தேன்.
ஷூ கம்பெனியில் இருபது நாள்
லாஸ் ஆஃப் பே எழுதிக் கொடுத்தேன்.
ரக்பின்னா கபடி மாதிரியாம்மா,
சூப்பர்வைசர் கேட்டார்.
மாதிரிதான் சார்,
மூச்சு விட்டுக்கலாம்.

இங்கிருந்து நானும் எப்சிபாவும்.
மற்ற இருபத்தோரு பேரை
முகாமில்தான் முதலில் பார்த்தேன்.
ஒன்பது நாள் முகாம்.
ஒடியா, வங்காளி, மராத்தி.
குனிந்து தலை கோத்த பிறகு
எல்லோருக்கும் புரிந்த ஒரே சொல் "தள்ளு".
அதுவும் நாங்கள் கொண்டுபோனது.

எதிரில் நின்றவர்கள்
மாதச் சம்பளத்துக்கு விளையாடுகிறவர்கள்.
முதுகில் தீப்பெட்டி அளவு கருவி.
எவ்வளவு தூரம் ஓடினாள், நெஞ்சு எத்தனை அடித்தது,
ஓரத்தில் ஒருவன் திரையில் பார்த்துக்கொண்டிருந்தான்.
எங்கள் ஓட்டத்தை யாரும் எண்ணவில்லை.
வாங்கியதை எண்ணினார்கள்.
பாதி ஆட்டத்தில் ஐம்பத்தேழு.

மூன்றாவது ஸ்க்ரமில்
அவர்களுடைய நான்காம் எண்ணின் ஷூ
என் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில்.
மேல்தோல் விளிம்பில் இரட்டைத் தையல்,
அங்குலத்துக்குப் பத்து.
எங்கள் லைனில் ஓடியதாக இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.
சொன்னால் கதை விடுகிறாள் என்பீர்கள்.
எண்ணி முடிப்பதற்குள் பந்து வெளியே போயிருந்தது.

எழுபத்தோராம் நிமிஷம்
அவர்கள் கோட்டுக்கு ஐந்து மீட்டரில் நாங்கள்.
தள்ளு, தள்ளு.
எப்சிபா கை நீட்டினாள்.
கோடு அவள் நகத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.
அவ்வளவுதான்.

முடிந்ததும் நான்காம் எண் என்னைத் தேடி வந்தாள்.
என் உதட்டு ரத்தத்தைத் தன் கையாலேயே துடைத்தாள்.
ஜெர்சியைப் பிடித்து இழுத்துக் காட்டி
மாற்றிக்கலாமா என்று சைகை செய்தாள்.
ஆசைதான்.
ஆனால் ஜெர்சி எண்ணிக் கொடுத்தது,
எண்ணித்தான் திருப்பணும்.
அடுத்த மாதம் வேறு அணி போடும்.
இதை எந்தச் சைகையில் சொல்ல?
குளிருகிற மாதிரி
தோளைக் கட்டிக்கொண்டு நடுங்கிக் காட்டினேன்.

அவள் தன்னுடையதைக் கழற்றி
எனக்குப் போர்த்திவிட்டுப் போனாள்.

காட்பாடியில் இறங்கும்போது விடியவில்லை.
ஆம்பூர் பஸ்ஸில் கண்டக்டர்
என் வீங்கின கண்ணைப் பார்த்துவிட்டு
யாரும்மா அடிச்சது என்றார்.
பதினைந்து பேர் அண்ணே என்றேன்.
டிக்கெட்டைக் கிழிக்க மறந்துபோனார்.

ஷாஹிதா ஸ்கோர் கேட்டாள். சொன்னேன்.
போன தடவை நூற்றுமூணு,
பதினஞ்சு மிச்சம் பிடிச்சிருக்கீங்க என்றாள்.
கேலியா கணக்கா தெரியவில்லை.

அந்த ஜெர்சி எங்கள் யாருக்கும் பொருந்தவில்லை,
எப்சிபா இரண்டு பேர் நுழைகிற அகலம்.
கழுத்தையும் கையையும் மூடித் தைத்தேன்,
அங்குலத்துக்குப் பத்து.
கம்பெனியில் கழித்துப் போட்ட தோல் துண்டுகளைத்
திணித்து, அடியையும் மூடினேன்.
டாக்கிள் பழக இப்போது எங்களுக்கு ஒரு பை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை
நான்காம் எண்ணை முறை போட்டுச் சாய்க்கிறோம்.
சீக்கிரம் விழுந்துவிடுகிறாள்.
அவள் அப்படி விழுகிறவள் இல்லை.
நேற்று அடித்தையலைப் பிரித்து
நாலு கூடை மணல் சேர்த்தேன்.