பூச்சியத்தின் செலவு

ஒட்டுசுட்டானில் என்னை
மலேரியாக்காரன் என்பார்கள்.
மலேரியா போய்ப் பல வருடம்.
பெயர் போகவில்லை.

மாதக் கடைசியில்
பச்சை மட்டைப் பதிவேட்டில் எழுதுகிறேன்:
குருதிப் பூச்சு நூற்றுப் பன்னிரண்டு.
நோய் கண்டது பூச்சியம்.
கைவிட்ட கிணறு இருபத்துமூன்று,
ஒவ்வொன்றிலும் பத்துக் கரண்டி அள்ளிப் பார்த்தாயிற்று.
குடம்பி உண்டு, வேறு இனம்.
அவை தலைகீழாகத் தொங்கும்;
நான் தேடுவது நீரோடு நீராய்க்
கிடையாகப் படுக்கும்.

பூச்சி போனால் பூச்சியம்.
இந்தப் பகிடிக்கு அலுவலகத்தில்
ஒருவரும் சிரிக்கவில்லை.
கணக்காளர் மட்டும் நிமிர்ந்தார்:
"பூச்சியத்துக்கு ஏன் காணும்
இவ்வளவு பெற்றோல்?"

என்ன சொல்வது.
கார்த்திகையில் மழை இறங்கும்.
முத்தையன்கட்டு வான் பாயும்,
மாட்டுக் குளம்படி எல்லாம் ஒரு குளம்.
அந்த மார்கழியில்தான்
எங்கள் பணம் வற்றும்.
தை பிறந்தால் வழி பிறக்கலாம்,
ஒதுக்கீடு பிறக்கப் பங்குனியாகும்.
நுளம்புக்கு நிதியாண்டு தெரியாது.

முன்பு வெளிநாட்டுத் திட்டம் ஒன்று வந்தது.
மூன்று வருடம். மோட்டார் சைக்கிள், தொப்பி,
படம் எடுக்க ஒரு பெடியன்.
திட்டம் போனது.
தாங்கியில் ஒட்டிய அதன் சின்னம்
இன்னும் உரியவில்லை.
பிறேக் கட்டை என் சம்பளத்தில்.

அதற்கும் முன்பு, பாதை பூட்டியிருந்த நாளில்
சிலைட்டுப் பெட்டியை
மா மூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தோம்.
அப்போது காய்ச்சல் இருந்தது,
ஆகவே எல்லோருக்கும் எங்களைத் தேவையாயிருந்தது.

மாங்குளத்தில் ஜெசிந்தா மடுத்தீன்
நுணுக்குக்காட்டிக்கு முன் இருபத்தெட்டு வருடம்.
லாச்சிக்குள் பழைய தகடு ஒன்று வைத்திருக்கிறாள்,
யாரோ ஒரு பிள்ளையின் இரத்தம்.
திங்கட்கிழமைகளில் எடுத்துப் பார்ப்பாள்.
"கண் மறந்திடும்" என்பாள்.
வருகிற ஆவணியில் அவளுக்கு ஓய்வு.
ஆளணிப் பட்டியலில் அவளுடைய கட்டத்தில்
இப்போதே ஒரு கோடு கீறியிருக்கிறது.

போன ஐப்பசி, முள்ளியவளையில்
மொசாம்பிக்கில் இயந்திரம் திருத்திவிட்டு
வந்த பெடியனுக்கு நடுக்கம்.
மூன்று நாள் பனடோல்.
நான்காம் நாள் இரவு ஒரு தாதி
எங்கே போய் வந்தாய் என்று கேட்டாள்.
கேள்வி அவ்வளவுதான்.
அதைக் கேட்கப் பழக்கிய வகுப்புக்கு
இவ்வருடம் நிதி இல்லை.

தகட்டை என் பெனியனுக்குள் வைத்து
மழைக்குள் மாங்குளம் ஓடினேன்.
ஜெசிந்தா சாயம் ஊற்றினாள், காத்திருந்தாள்,
என்னைக் கூப்பிட்டாள்.
சிவப்பணுவுக்குள் ஒரு சின்ன மோதிரம்.
ஒரு பொட்டு வைத்த பூச்சியம்.

பெடியன் பிழைத்தான்.
சுற்றிவர நூற்றெழுபது வீடு,
மூன்று கிழமை, இரவிலும் டோர்ச்சோடு.
ஒருவருக்கும் பரவவில்லை.
பதிவேட்டில் அவன்
"வெளிநாட்டில் தொற்றியது" நிரலுக்குப் போனான்.
உள்ளூர்: பூச்சியம்.
அத்தனை இரவும் அந்த வட்டத்துக்குள்
விழுந்து காணாமற்போயின.

வைத்திய அதிகாரி ஒரு வரி எழுதினார்,
நான் தட்டச்சுச் செய்தேன்:
இச்சேவை ஆண்டுதோறும், நோய் இல்லாத ஆண்டிலும்,
தொடர வேண்டும்.
கிளிநொச்சிக்குப் போய், கொழும்புக்குப் போய்,
ஏழு மாதத்தால் பதில் வந்தது:
மறு அறிவித்தல் வரை தொடரலாம்.

வேண்டும் போய் லாம் வந்திருக்கிறது.
ஒரு விகுதிதான்.
சட்டத்தை அது சலுகையாக்கிவிடும்.
லாமில் பெற்றோல் அடிக்க முடியாது.

வைத்திய அதிகாரி பதிலைக் கோவையில் குத்திவிட்டு
அதே வரியைத் திரும்ப எழுதுகிறார்.
இம்முறை "வேண்டும்" என்பதன் கீழே ஒரு கோடு.

வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது.
றோட்டுக்கு மண் அள்ளியவர்கள்
கற்சிலைமடுப் பக்கம் புதிதாய் ஒரு குழி
விட்டுப் போயிருக்கிறார்களாம்.
பட்டியலில் இல்லாத குழி.
கரண்டியை எடுத்துக்கொண்டு போகிறேன்.